வாரம் ஒரு நாள் போதும்

"வாரத்துக்கு எத்தனை நாள் அழைத்து வர வேண்டும், மேடம்?"

"ஒரு நாள் போதும்."

நடந்தது இவ்வளவுதான். யாரும் குரலை உயர்த்தவில்லை. அந்தத் தந்தை நன்றி சொன்னார், பையனுக்குச் செருப்பை மாட்டிவிட்டார், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது உடுத்துவது, உண்பது போன்ற அன்றாட வேலைகளுக்குக் குழந்தைகளைப் பழக்குகிறவளாக, எத்தனையோ பெற்றோருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்; சிலவற்றில் தப்புக் கணக்கும் போட்டிருக்கிறேன். அவையெல்லாம் மங்கிவிட்டன. இந்த ஒரு பதில் மட்டும் தூக்கம் வராத இரவுகளில் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இத்தனைக்கும் அது தவறான பதில் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

பையனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். முதல்நாள் மதிப்பீட்டுக்கு வந்தவன் ஊஞ்சலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த தடித்த மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டான். உள்ளிருந்தபடியே ஒரு கையை மட்டும் நீட்டி, மெத்தையின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தான். 'சர்ர்ர்' என்று பிரியும். காதை அருகே கொண்டுபோய்க் கேட்பான். மறுபடி ஒட்டுவான். 'சத்தம் ஆகாது' என்று அவன் பழைய குறிப்புகளில் எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுக்கு ஆகாதவை தான் எழுப்பாத சத்தங்கள்.

தந்தை சுற்றி வளைக்கவில்லை. "காலையில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் பல் தேய்த்து விடுகிறோம். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்" என்றார். பேச வேண்டும், எழுத வேண்டும், ஓரிடத்தில் உட்கார வேண்டும் என்று பட்டியலோடு வருகிறவர்களே அதிகம். ஒரே ஒரு பல் பிரஷ்ஷோடு வந்தவரை எனக்கு உடனே பிடித்துப்போனது.

வாயில் தொடங்காதீர்கள் என்றேன். தோளில் தொடங்குங்கள், உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, தோள், பிறகு தாடை, பிறகு கன்னம். மெதுவாகத் தடவினால் துடித்துப்போகிற சில பிள்ளைகள் உறுதியான அழுத்தத்தில் அடங்குவார்கள். பற்பசை கொஞ்ச நாளைக்கு வேண்டாம், அதன் காரமே அவனுக்கு எரிச்சலாக இருக்கலாம். தலை சிறியதாக, மெல்லிய இழைகளோடு ஒரு பிரஷ், வெறும் தண்ணீரில் நனைத்து. பிரஷ் அவன் கையில் இருக்கட்டும், உங்கள் கை அவன் கைமேல் இருக்கட்டும். ஐந்து வரை சத்தமாக எண்ணுங்கள். பல் தேய்ந்ததோ இல்லையோ, ஐந்தில் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். எப்போது முடியும் என்று தெரியாததுதான் அவனுக்குப் பாதிக் கொடுமை.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நீளமான கணக்கு நோட்டு அது. நான் பேசியதை எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள்: இடம், பேசியவர், எப்போது கிடைக்கும், வாரத்துக்கு எத்தனை. எங்களுக்கு முன்னால் நான்கு வரிசைகள் நிரம்பியிருந்தன. கடைசிக் கட்டத்தில் 5, 3, 5. ஒன்றில் மட்டும் 'இடமில்லை'. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் பதிலைக் கேட்டு 1 என்று எழுதினார். எழுதிய பிறகும் பேனாவை எடுக்கவில்லை. அந்த 1-இன் காலடியில் மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

'ஒன்றுதானா?' என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை, ஆனாலும் நான் விளக்க ஆரம்பித்தேன். கேட்காமலே விளக்குகிறவரிடம் ஏதோ இருக்கிறது என்பது மற்றவர் விஷயத்தில் எனக்கு நன்றாகத் தெரியும்.

என்ன விளக்கினேன்? எங்கள் ஊஞ்சலுக்கும் மெத்தைக்கும் அடிப்படை, ஜீன் ஏயர்ஸ் என்ற தெரபிஸ்ட் வகுத்த புலன் ஒருங்கிணைப்புக் கொள்கை; புலன்கள் தரும் செய்திகளை மூளை சேர்த்து ஒழுங்குபடுத்துவதைப் பற்றியது. 1972-இல் அவர் அதைப் புத்தகமாக எழுதினார். ஒலி, தொடுதல், சுவை போன்றவற்றை அளவுக்கு மிஞ்சியோ குறைந்தோ உணர்வதை, ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் சேர்த்துக்கொண்டது. ஆகவே பையனின் துன்பம் உண்மை. அதற்கு நாங்கள் தரும் சிகிச்சையின் பலம்தான் விவாதத்தில் இருக்கிறது. சான்றுகள் போதாது என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கம் 2012-லேயே சொன்னது. 138 குழந்தைகளை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிட இந்தச் சிகிச்சை மேலானது என்று நிறுவ முடியவில்லை; ஆனால் பெற்றோர் தாங்களே குறித்துக்கொண்ட இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள். பல் தேய்ப்பதும் அப்படி ஒரு இலக்குதான். தினமும் வீட்டில், வீட்டுக் கண்ணாடி முன்னால் நடக்கிற ஒன்றுக்காக, வாரத்தில் ஐந்து நாள் என் அறைக்கு அலைவானேன்?

ஒவ்வொரு சொல்லும் சரி. இன்றைக்கும் இதையேதான் சொல்வேன்.

சொல்லாமல் விட்டவை இரண்டு. அந்த 2022 ஆய்வில் முதல் 10 வாரங்கள் வாரத்துக்கு இரண்டு அமர்வுகள் நடந்தன. இன்னொன்று: என் அட்டவணையில் வியாழன் மாலை நாலரை மணி மட்டும்தான் காலியாக இருந்தது.

இரண்டு நேரம் காலியாக இருந்திருந்தால் இரண்டு என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன் என்றே பல நாள் எனக்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் பழைய பதிவுகளைப் புரட்டினேன். புரட்டியிருக்கக் கூடாது. பையன் வந்ததற்கு முந்தைய மாதம் ஒரு சிறுமி வந்திருந்தாள். தலை வார விடமாட்டாள். 'வாரம் இரண்டு' என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்த மாதம் ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனதில் இரண்டு நேரம் காலியாகியிருந்தது.

அவளுக்கு வேறு தேவைகளும் இருந்தன என்று வாதிடலாம். இருந்தன, பொத்தான் போட வராது, கரண்டி பிடிக்க வராது. இந்தப் பையனுக்கும் அவையெல்லாம் இருந்திருக்கும். அவர் ஒன்றைத்தான் கேட்டார் என்பதால் நானும் ஒன்றைத்தான் பார்த்தேன். சின்னதாகக் கேட்டவருக்குச் சின்ன இடம் என்று முடித்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் அப்படிக் கேட்டதைத்தான் நான் மெச்சிக்கொண்டிருந்தேன் என்பது வேறு.

நான்கு மாதம் கழித்து, வழக்கமில்லாத வழக்கமாக நானே போன் செய்தேன். ஐந்து நாள் என்று சொன்ன ஓரிடத்துக்குத்தான் அழைத்துப்போகிறார்களாம். பல் தேய்ப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இப்போது ஒரு ஆள் பிடித்தால் போதும், மேடம். ஐந்து வரை எண்ணுகிறோம், அவனும் கூடவே விரல் மடக்குகிறான்" என்றார். 'போதும்' என்ற சொல்லை அவர் எதையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். ஐந்து நாளால் வந்த பலனா, ஐந்து வரை எண்ணியதன் பலனா என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டாவது என்று அவர் சொல்ல வேண்டும் என எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைக்காகவே போனை வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் வேறு மாதிரி பேசிப் பார்க்கிறேன். "என்னிடம் இருப்பது வாரத்தில் ஒரு நேரம்தான். குழந்தைக்கு எவ்வளவு வேண்டும் என்பது வேறு கேள்வி" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை செய்யும் மூத்தவர் இதைக் கேட்டுவிட்டுத் தனியாக அழைத்தார். "உன் மனப்பாரத்தை அவர்கள் தலையில் இறக்குகிறாய். போதும் என்று நம்பினால் வீட்டுக்குப் போய்ச் செய்வார்கள். போதாது என்று கேட்டால் ஊரெல்லாம் அலைவார்கள். யாருக்கு லாபம்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. போன வாரம் ஒரு தாய் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் மீதியை எங்கே தேடுவது?" என்று கேட்டார். அதற்கும் தெரியவில்லை.

அந்தப் பையனுக்காக மூன்று வாரம் வியாழக்கிழமை நாலரையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு சின்ன உடம்பு நுழையும் அளவுக்கு நகர்த்தி வைப்பேன். நான்காம் வாரம் வேறொரு குழந்தையை வரச் சொன்னேன். மெத்தையைப் பழையபடி சுவரோடு ஒட்டி வைத்தேன். கோப்பை மூடும் படிவத்தில் காரணம் குறிக்க வேண்டும். 'போதிய நேரம் ஒதுக்க இயலவில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு மேலே 'பெற்றோர் தொடர விரும்பவில்லை' என்று ஒன்று. மேலே இருந்ததில் டிக் செய்தேன்.