பதினஞ்சு ஆட்டையும் ஒருத்தனே நகத்துறான்

மே 4, 2024, சனி

அக்னி நட்சத்திரம் இன்னைக்குத்தான் ஆரம்பம். மதுரை வெயில்ல மாடி ரூம்ல நான், பாண்டி, செந்தில்னு மூணு தடிப்பயலுகளும் என் தங்கச்சி அகிலாவும் உக்காந்து பொம்மை வச்சு விளையாடுறோம். நானே டிசைன் பண்ண கேம், கண்மாயை உடைக்க வர்ற கொள்ளிவாய்ப் பிசாசுகளை நாலு பேரும் ஒரே கட்சியா நின்னு பன்னெண்டு ரவுண்டு தடுக்கணும், தடுத்தா எல்லாரும் ஜெயிச்சோம், இல்லாட்டி எல்லாரும் தோத்தோம், எங்களுக்குள்ள போட்டி கிடையாது. போர்டை ஃப்ளெக்ஸ்ல அடிச்சேன், ரெண்டுக்கு ரெண்டு அடி, பூரா ஒரு இஞ்ச் கட்டம். கடைக்கார அண்ணே ஃபைலைப் பாத்துட்டு "என்ன தம்பி போட்டோவே காணோம், யாருக்குப் பிறந்தநாள்?"ங்கிறாரு. நம்மூர்ல ஃப்ளெக்ஸ்னா வேற எதுக்கு.

அஞ்சாவது ரவுண்ட்லயே கண்மாய் உடைஞ்சிருச்சு. ரெண்டு பகடை உருட்டி குறைஞ்சது ஒண்ணுலயாச்சும் ஆறு விழணும்னு வச்சிருந்தேன், அது 36க்கு 11 தான். பாண்டி உருட்டி உருட்டி "தாயமே விழுகாத ஆட்டம் மாதிரி இருக்குடா"னு பகடையைத் தூக்கிப் போட்டான். இனி அஞ்சோ ஆறோ விழுந்தாப் போதும். 36க்கு 20.

மே 5, ஞாயிறு

பாண்டி வீட்டு 3டி பிரிண்டர்ல, ரெசின்ங்கிற பிளாஸ்டிக் திரவத்துல அடிச்ச 32 மில்லிமீட்டர் பொம்மைக. ஆல்கஹால்ல கழுவிட்டு கெட்டியாக யுவி லைட்ல காட்டணும், எதுக்கு லைட்டு, மேல இருக்காரே சூரியன்னு மொட்டை மாடில வச்சுட்டு கறிதோசை திங்கப் போயிட்டோம். ரெண்டு மணி நேரம். அளவுக்கு மிஞ்சி வெயில் பட்டா ரெசின் மொறுமொறுன்னு ஆயிரும், காவக்காரன் கையில இருந்த ஈட்டி தொட்டதும் அப்பளம் மாதிரி ஒடிஞ்சு போச்சு. ஃபெவிக்விக் போட்டு ஒட்டி இப்ப ஈட்டி லேசா வளைஞ்சு நிக்குது, விறகு சுமக்குறவன் மாதிரி.

அப்புறம் ஒரு பஞ்சாயத்து. கருப்பசாமிக்கும் ஒரு பொம்மை செஞ்சிருந்தேன், அம்மாச்சி பாத்துட்டு "சாமிய தரையில போட்டு உருட்டுவியாடா?"னு ஒரே சத்தம். அகிலாதான் சொன்னா, அழகர்கோவில்ல பதினெட்டாம்படி கருப்புக்கு உருவமே கிடையாதே, மூடுன கதவுக்குத்தான சந்தனம் சாத்துறாங்கன்னு. சரின்னு போர்டு ஓரத்துல ஒரு கதவை மட்டும் வச்சேன். அதுக்கு முன்னாடி நிக்கிற ஆளை பிசாசு தொடாது. உண்மையச் சொன்னா பொம்மையை விட கதவுதான் கெத்தா இருக்கு.

மே 11, சனி

இப்பப் பிரச்சினை பகடை இல்ல, செந்தில். நல்லவன்தான், ஆனா எல்லாரோட நம்பர் கார்டும் டேபிள் மேல தெறந்து கெடக்குறதால எல்லாரோட ஆட்டத்தையும் அவனே ஆடுறான். "அகிலா நீ மடைக்குப் போ, பாண்டி நீ அந்த ஆறாம் நம்பர் கார்டப் போடு, மாப்ள நீ சும்மா இரு." ஜெயிச்சுட்டோம், ஆனா ஒருத்தர் மூஞ்சிலயும் சந்தோசம் இல்ல. வெத்தலை போட்டுக்கிட்டு ஓரமா பாத்துக்கிட்டிருந்த அம்மாச்சி கேட்டுச்சு:

"ஏய்யா, ஆடுபுலில புலி மூணு, ஆடு பதினஞ்சு. பதினஞ்சையும் ஒருத்தன்தான் நகத்துவான். இங்க ஆடே நாலுதான், அதையும் அவனே நகத்துறான். மத்தவுக எதுக்குய்யா உக்காந்திருக்கீக?"

ஒரு மாசமா நோட்டுல நான் எழுதிக் கிழிச்சதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள்ள அடங்கிருச்சு.

மே 12, ஞாயிறு

யாரும் பேசக்கூடாதுன்னு ரூல் போட்டேன். பரிட்சை ஹால் மாதிரி இருந்துச்சு. செந்தில் கண்ணாலயே ஜாடை காட்டுறான். தூக்கிப் போட்டாச்சு.

மே 18, சனி

நாலாவது ரவுண்ட்ல மழையோட கரண்ட் போயிருச்சு. கார்டு தெரியலன்னு அவங்கவங்க கையில எடுத்து செல்போன் லைட்ட அடிச்சுப் பாக்க ஆரம்பிச்சோம். செந்திலுக்கு மத்தவங்க கார்டு தெரியல. "உன்கிட்ட என்ன இருக்கு?"ன்னு முதல் தடவையா கேக்குறான்! அகிலா "இருக்கு ஒண்ணு"ன்னு மட்டும் சொல்லிட்டு அவளோட கோடாங்கி பொம்மைய மடையை விட்டு இறக்கி நேரா கதவுக்கு ஓட்டுனா, செந்தில் கத்துறான், "ஏய் மடை போச்சு, மடை போச்சு", அவ திரும்பிக்கூடப் பாக்கல, அடுத்த ரவுண்ட்ல மூணு பிசாசு அவ பின்னாடியே வந்து கதவுகிட்ட முட்டிக்கிட்டு நின்னுச்சு, பாண்டி பின்னால இருந்து ஒவ்வொண்ணா போட்டுத்தள்ளுனான். பன்னெண்டாவது ரவுண்ட்ல தோத்தோம். கரண்ட் வந்ததும் பாண்டிதான் சொன்னான், "இன்னொரு ஆட்டம் போடுவோம்டா, லைட்ட அமத்து."

லைட்ட அமத்தல. கார்டு இனிமே கையிலதான், பேசலாம், ஆனா நம்பர் சொல்லக்கூடாது.

மே 26, ஞாயிறு

இன்னைக்கு நாங்க ஆடல. பாண்டியோட சித்தி பசங்க நாலு பேரு, கேமை முன்னப்பின்ன பாத்ததில்ல, ரூல் பேப்பரை மட்டும் கையில குடுத்துட்டு நானும் செந்திலும் பின்னாடி உக்காந்தோம், வாயத் திறக்கக் கூடாது. "பக்கத்துக் கட்டத்துக்கு நகரலாம்"னு எழுதியிருந்தேன். பயலுக மூலைக்கட்டத்தையும் பக்கம்னு எடுத்துக்கிட்டு குறுக்கால பாஞ்சு பாஞ்சு போறானுக, பிசாசு எட்டவே முடியல. தப்பு எம்மேலதான். நோட்டுல எழுதிக்கிட்டேன்: மூலை சேருமா, படம் போடணும்.

ஒருத்தன் வேட்டைக்காரனை கரையில வச்சுட்டு யோசிக்கிறான், பக்கத்துலயே கதவு. செந்தில் என் தொடையக் கிள்ளிக்கிட்டே இருந்தான், தாங்க முடியாம எந்திரிச்சு "நான் போயி பருத்திப்பால் வாங்கிட்டு வரேன்"னு செருப்பைக்கூட மாத்திப் போட்டுக்கிட்டு கீழ இறங்கிட்டான்.