கேஸ்ட்ரோ டாக்டரைப் பார்க்கும் தேதி வரும்வரை

வயிற்றுக் கோளாறுக்கு ஸ்பெஷலிஸ்டிடம் கேட்டால், சில சமயம் ஒரு வாரம், பத்து நாள் தள்ளித்தான் தேதி கிடைக்கும். தேதி குறித்த மறுநாளிலிருந்து வயிறு இன்னும் மோசமானது போலத் தெரியும். பிரமை என்று ஒதுக்க வேண்டாம், உண்மையிலேயே மோசமாகலாம். குடலுக்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது. வேகஸ் நரம்பு வழியாக அது மூளையோடு ஓயாமல் தகவல் பரிமாறுகிறது. பயம் வந்தால் பெருங்குடல் வேகமாக அசையும், லூஸ் மோஷன் போகும். இரைப்பை மெதுவாகக் காலியாகும், அதனால் உப்புசமும் குமட்டலும் வரும். பதற்றத்தில் எச்சிலோடு காற்றையும் விழுங்குவோம், அது ஏப்பமாகத் திரும்பும். ஆகவே இந்த நாள்களில் ஏப்பமும் உப்புசமும் கூடினால், அதை வைத்து நோய் முற்றுகிறது என்று முடிவு கட்ட முடியாது.

ஆனால் சில விஷயங்கள் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாதவை. தார் போலக் கறுத்து ஒட்டுகிற மலம், ரத்த வாந்தி அல்லது காபித்தூள் கரைத்தது போன்ற வாந்தி, மலத்தில் நிறைய ரத்தம், நிற்காத வாந்தி, காய்ச்சலோடு கடுமையான வயிற்று வலி, கண் மஞ்சளாவது, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். நடந்தால் கூடுகிற நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை என்றால் 108தான். 'கேஸ்தான், சோடா குடித்தால் சரியாகும்' என்று உட்கார்ந்திருப்பது நம் ஊரில் உயிரை வாங்குகிற பழக்கம்.

முயற்சி செய்யாமலே எடை குறைவது, சாப்பாடு தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ரத்த சோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 45 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப்பழக்கம் ஆகியவை இருந்தால் கிளினிக்குக்கு ஃபோன் செய்து அதைச் சொல்லி, தேதியை முன்னால் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். மலத்தின் நிறத்தைப் பார்த்து அலறும் முன் ஒரு கேள்வி: இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் தார் போல ஒட்டினால் எமர்ஜென்சிதான். பீட்ரூட்டும் சிவப்பு டிராகன் பழமும் சிவப்பாக்கும். தக்காளித் தோலும் மிளகாய் விதையும் அப்படியே வெளியே வருவது சாதாரணம்.

மேலே சொன்ன எதுவும் இல்லையா? அப்படியானால் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரே ஒரு முறை, 5 நிமிடம் எழுதினால் போதும். ஒரு நாளின் குறிப்பு இவ்வளவுதான்: 'செவ்வாய். காலை 6.40, கூழ் போல, ரத்தம் இல்லை. 11 மணிக்குத் தொப்புளுக்கு மேல் எரிச்சல், 40 நிமிடம், சாப்பிட்டதும் குறைந்தது. முந்தின இரவு 10 மணிக்குப் பரோட்டா.' மலத்தின் வடிவத்துக்கு பிரிஸ்டல் அட்டவணை இருக்கிறது. 1 என்றால் ஆட்டுப் புழுக்கை போல, 4 வழுவழுப்பான வாழைப்பழம் போல, 7 வெறும் தண்ணீர். எண்ணை எழுதினால் டாக்டருக்குப் புரிந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை போவது எல்லாமே இயல்பின் எல்லைக்குள்தான்.

எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட வேண்டும். கெடுதல் தொடங்குவது திரும்பத் திரும்பப் பார்ப்பதில். வயிற்றை நாளெல்லாம் விரலால் அமுக்கிப் பார்த்தால் தசை வலிக்கும், அந்த வலி புது அறிகுறியாகத் தோன்றும். மார்க்குழிக்கு நடுவில் கட்டி போல ஒன்று தட்டுப்பட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் நிறைய. பெரும்பாலும் அது மார்பெலும்பின் கீழ்நுனி, பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஒல்லியானவர்களுக்குத் தொப்புளுக்கு மேல் துடிப்பது பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக் குழாய். எடையை வாரத்துக்கு ஒரு தடவை, அதே மெஷினில் பாருங்கள். பயந்துபோய் பத்து நாளும் ரசம் சாதம் மட்டுமே சாப்பிட்டு 2 கிலோ இறங்கி, 'எடை குறைகிறது' என்று மேலும் பயப்படுவதும் நடக்கிறது. அப்படிக் குறைத்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

கோதுமையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு, கோதுமைப் புரதத்தால் குடல் கெடுகிற சீலியாக் நோய்க்கு ரத்தம் எடுத்தால் ரிசல்ட் தப்பாக வரலாம்.

தானாகப் போய் எடுக்கும் ஸ்கேனும் பயத்தைக் குறைக்காது. ரிப்போர்ட்டில் 'கணையம் குடல் வாயுவால் மறைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி இருக்கும். வாயு இருந்ததால் அல்ட்ராசவுண்டு அலை அந்தப் பக்கம் போகவில்லை என்பதே அதன் அர்த்தம், அந்த வரி எந்த நோயையும் சொல்லவில்லை. சாதாரண இரைப்பைப் புண் அல்ட்ராசவுண்டில் பொதுவாகத் தெரியாது, அதற்கு எண்டோஸ்கோபி வேண்டும்.

பதற்றம் ஏறும்போது மூச்சுப் பயிற்சி உதவும், சரியாகச் செய்தால். மல்லாந்து படுத்து ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். வயிற்றில் உள்ள கை மட்டும் எழ வேண்டும். 5 நிமிடம் போதும். நிறையப் பேர் காற்றை வாயால் பெரிதாக இழுப்பார்கள், தலை சுற்றும், ஏப்பம் கூடும், 'எனக்கு இது ஒத்துக்கலை' என்று விட்டுவிடுவார்கள். மூச்சு சிறிதாக இருக்கட்டும், வெளியே விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். வயிற்றைப் பற்றிய நினைப்பு நாளெல்லாம் விடவில்லை என்றால் மாலையில் 20 நிமிடம் அதற்கென ஒதுக்குங்கள், மற்ற நேரத்தில் வந்தால் அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். அப்போதும் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

முந்தின நாள் கிளினிக்குக்கு ஃபோன் செய்து வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எச்.பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கான மூச்சுச் சோதனை இருந்தால் பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் எதை, எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகளைப் பட்டையோடு கொண்டுபோங்கள். மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தந்த செட் மாத்திரை, லேகியம், சூரணம் எதையும் மறைக்க வேண்டாம். வலி மாத்திரையே வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

உள்ளே போனதும் 'கேஸ் டிரபிள்', 'அல்சர்' என்ற வார்த்தைகளை விட்டுவிடுங்கள், அவை நம் யூகங்கள். எவ்வளவு நாளாக, எங்கே, எப்போது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று நான்கு வாக்கியத்தில் சொல்லுங்கள். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். கூட வருகிறவர் இடையில் புகுந்து பேசாமல் இருந்தால் புண்ணியம். அடுத்து, மனசில் இருக்கும் பயத்தைப் பெயர் சொல்லியே கேளுங்கள்: 'டாக்டர், எனக்கு இது கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு.' கேட்காவிட்டால் டாக்டர் அதற்குப் பதில் சொல்லாமலே சீட்டு எழுதிவிடக்கூடும்.

எழுந்திருக்கும் முன் மூன்று கேள்வி: இது என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், எந்த டெஸ்ட் எதற்காக, எத்தனை நாளில் குறையாவிட்டால் திரும்ப வர வேண்டும். பதிலை அதே நோட்டில், மருந்துக் கடைக்குப் போகும் முன்பே, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.