மெழுகு பிளாக்கும் நானும்

"ரிப்போர்ட்தான் குடுத்தாச்சே, இன்னும் என்ன வேணும்?" மார்பகப் புற்று டெஸ்டுகளுக்காக அலைந்தபோது ஒரு லேப் கவுண்டரில் என்னிடம் இதை மூன்று தடவை சொன்னார்கள். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் அலைச்சலுக்கு மட்டும் நானே காரணம். மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, குளித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அக்குளில் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். அந்தத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுமாம். துடைத்துவிட்டு வந்தால், "பழைய படம் எங்கம்மா?" என்றார்கள். முந்தைய மேமோகிராமின் ரிப்போர்ட் தாளைத்தான் கொண்டுபோயிருந்தேன், சி.டி. வீட்டில். ஒப்பிட்டுப் பார்க்கப் படமே வேண்டும், தாள் உதவாது. மறுநாள் சி.டி.யோடு போனால் அது அவர்கள் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. கிளம்பும் முன் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

படம், அல்ட்ராசவுண்ட் இரண்டும் சீக்கிரம் முடிந்தன. ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 4' என்று இருந்தது. நாலாம் ஸ்டேஜ் என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். அது ஸ்டேஜே இல்லை. படத்தைப் பார்த்து 0 முதல் 6 வரை போடும் எண். 4 என்றால் சந்தேகம் இருக்கிறது, ஊசியால் சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்யவேண்டும், அவ்வளவுதான். அதைப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்?

பயாப்ஸியில் மரப்பு ஊசிதான் சுரீர் என்றது. மற்றதெல்லாம் ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

புற்று என்று வந்தது. தாளை எடுத்துக்கொண்டு புற்றுநோய் டாக்டரிடம் ஓடினால், "ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 எங்கே?" என்கிறார். ஈ.ஆர்., பி.ஆர். என்பவை புற்றுச் செல்லில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 ஒரு புரதம்; எந்த மருந்து கேட்கும் என்று முடிவுசெய்ய இந்த டெஸ்டுகளெல்லாம் வேண்டும். பயாப்ஸி படிவத்தில் யாரும் எழுதாததால் லேப் செய்யவில்லை. செய்யச் சொல்லி, காத்திருந்து வாங்கினேன். ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் பாசிட்டிவ். ஹெர்-2 மட்டும் 2+. 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ ரெண்டுங்கெட்டான். ஹெர்-2 மரபணு அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் என்ற இன்னொரு டெஸ்ட் செய்தால்தான் தெரியும். அது இந்த லேபில் கிடையாது.

ஆக, என் சதைத்துண்டு பதிந்திருக்கும் மெழுகு பிளாக்கை இங்கே வாங்கி அங்கே கொடுக்கவேண்டும். முதல் நாள், டாக்டர் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள், பொறுப்பானவர் லீவு. மூன்றாம் நாள் ஒரு கவரைக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் பிளாக் இல்லை, சாயம் போட்ட கண்ணாடி ஸ்லைடு! கவுண்டரை விட்டு நகராமல் நின்றேன். அரை மணி நேரம் கழித்து பிளாக் வந்தது. அதிலிருந்த எண்ணை ரிப்போர்ட் எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஊழியர் முறைத்தார், முறைக்கட்டும். மெழுகல்லவா, வெயிலில் வைக்காமல் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் எடுத்துப்போனேன்.

ஃபிஷ் நெகட்டிவ். டெஸ்ட் முடிந்ததும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு டாக்டரிடம் காட்டுவதென்றால் மறுபடி அந்தக் கவுண்டரில் போய் நிற்க என்னால் ஆகாது.