வண்ணக் கண்ணாடி இணைப்பு: மூன்றாவது பலகையில் மாற்றிக்கொண்டவை

செப்பு நாடா சுற்றிய வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயம் வைத்து இணைக்கும் என் மூன்றாவது பலகை இந்த வாரம் முடிந்தது. 34 துண்டுகளால் ஆன ஒரு தாமரை. முதல் இரண்டு பலகைகளின்போது நான் புகைக்கு மட்டுமே அஞ்சினேன்; விரல்களுக்குத்தான் அதிகம் அஞ்சியிருக்க வேண்டும் என்பது இம்முறைதான் புரிந்தது.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. துண்டுகளை இணைக்க நான் உருக்கிப் பயன்படுத்தும் சால்டர் கம்பியிலோ 60 பங்கு வெள்ளீயத்துடன் 40 பங்கு காரீயமும் இருக்கிறது. இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகியதால், காரீயம் நஞ்சு என்ற நினைவு எனக்கே மங்கியிருந்தது. இந்தக் கலவை ஏறத்தாழ 190 பாகை செல்சியஸில் முழுதாக உருகிவிடும். கம்பியை உருக்கும் சூட்டுக்கோலான என் சால்டரிங் அயர்னை 380 பாகையில் வைக்கிறேன். காரீயம் கொதிக்க 1,749 பாகை வேண்டும் என்பதால், இந்தச் சூட்டில் ஆவியாகிற காரீயம் மிகச் சொற்பம். கண்ணை எரிக்கும் வெண்புகை, சால்டர் நன்றாக ஒட்டுவதற்காக முதலில் தடவும், துத்தநாகக் குளோரைடு கலந்த ஃப்ளக்ஸ் என்ற பூச்சிலிருந்து எழுவது. அதுவும் நுரையீரலுக்குக் கெடுதலானதே. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆகவே சன்னலோரம் மேசையைப் போட்டு, புகையை வெளியே இழுக்கும்படி ஒரு சிறு விசிறியை வைத்தேன். விசிறிக் காற்று நேராக அயர்னில் பட்டால் நுனி குளிர்ந்து, இணைப்பு சொரசொரப்பாகிவிடுகிறது.

காரீயம் உடலுக்குள் போகும் முக்கிய வழி, கை வழியாக வாய்க்குத்தான். கம்பியைப் பிடித்த விரல்நுனிகள் அரை மணி நேரத்தில் சாம்பல் நிறமாகின்றன. அயர்ன் நுனியைத் துடைக்கும் ஈரப் பஞ்சில் படியும் சாம்பல்நிறத் துகளும் காரீயம் கலந்ததே. இரண்டாவது பலகையின்போது அந்தப் பஞ்சுக்குப் பக்கத்திலேயே தேநீர்க் கோப்பையை வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது. இப்போது அந்த அறைக்குள் தண்ணீர்கூடக் கொண்டுபோவதில்லை. வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் மட்டுமே துடைக்கிறேன், ஏனெனில் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும். துணியைத் தனிப் பையில் கட்டி வைத்துவிட்டு, நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கதவைத் திறக்கிறேன். சட்டையையும் தனியாகத் துவைக்கிறேன்.

ஒரு தழும்பும் மிஞ்சியிருக்கிறது. ஃப்ளக்ஸை அளவுக்கு மீறித் தடவிய இடத்தில் அயர்னை வைத்ததும் அது கொதித்துத் தெறித்து, மணிக்கட்டைச் சுட்டது. கண்ணாடி வெட்டும்போது மட்டும் அணிந்துவந்த பாதுகாப்புக் கண்ணாடியை அன்றிலிருந்து கடைசிவரை கழற்றுவதில்லை. இணைப்புகளுக்குச் செம்பு நிறம் ஏற்ற மயில்துத்தக் (செப்பு சல்பேட்) கரைசலைப் பூசும்போது ரப்பர் கையுறையும் உண்டு.

அடுத்தது என் அக்காவின் நான்கு வயது மகள் கேட்ட பட்டாம்பூச்சி. அவள் தொட்டுப் பார்ப்பாள், வாயிலும் வைப்பாள். அதனால் காரீயம் இல்லாத, வெள்ளீயமும் செம்பும் மட்டும் சேர்ந்த கம்பியை வாங்கியிருக்கிறேன். அது 227 பாகையில்தான் உருகும். அவ்வளவு எளிதாக ஓடுவதில்லை. உதிரித் துண்டுகளில் பழகிக்கொண்டிருக்கிறேன்.