இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தாயா, மருமகனே?

பழைய பைக் ஒன்றை வாங்குவதற்காகப் பார்க்கப் போன அக்கா மகன், “மாமா, பைக் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு” என்று நோர்வூட்டிலிருந்து போன் எடுத்தான். “எஞ்சினைத் தொட்டுப் பார்த்தியா? சூடா, பச்சைத் தண்ணி மாதிரியா?” என்று கேட்டேன். தொட்டே பார்க்கவில்லையாம்.

நாம் போவதற்கு முன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வியாதி வெளியே தெரியாது. அதனால் விடியற்காலையில்தான் போய்ப் பார்க்க வேண்டும். நம்ம ஊர்க் குளிரில் முதலில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்கிற செலவு அது.

என் முதல் பைக்கை ஹட்டன் டவுனில் சமதரையில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். ட்ரம் பிரேக் வைத்த 100 சிசி. அன்று மாலையே மழை. தோட்டத்துக் கொங்கிறீட் பாதையில் லயத்து வீடுகள் பக்கம் இறங்கும்போது பின் பிரேக்கை மிதித்தேன், பெடல் அடிவரை போனது, பைக் நிற்கவில்லை. முதல் கியருக்கு மாற்றி, தேயிலைக்குக் கீழே இருந்த மண்திட்டில் சாய்த்துத்தான் நிறுத்தினேன். கராஜில் பாஸ் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். சக்கரத்துக்குள் உரசி நிறுத்தும் பிரேக் ஷூவில் லைனிங்கே இல்லை, வெறும் உலோகம் ட்ரம்மோடு உரசியிருந்தது. “கழற்றாமலே இதைக் கண்டுபிடிச்சிருக்கலாமே தம்பி” என்று பிரேக் கம்பியின் நுனியைக் காட்டினார். இறுக்கும் நட்டு மரையின் கடைசிவரை ஏறி நின்றது. இனி இறுக்க இடமே இல்லை, அதாவது ஷூ முடிந்துவிட்டது. அந்த நட்டைப் பார்க்க ஒரு நொடி போதும். இன்றுவரை எந்தப் பைக்கைப் பார்க்கப் போனாலும் முதலில் அங்கேதான் குனிவேன்.

ஏற்றத்தையும் விடக்கூடாது. பின்னால் ஒருவரை உட்கார வைத்து ஏற்றுங்கள். எஞ்சின் இரைகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக் கிளட்சிலேயே ஏறி ஏறி, நம்ம பக்கத்துப் பைக்குகளில் அது சீக்கிரம் தேயும். பிறகு நடு ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ‘டக்’கென்று பிடித்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பெயாரிங், போய்விட்டது.

காகிதத்தில் கவனம் வேண்டும். சி.ஆர். புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளவையோடு ஒத்துப்போக வேண்டும். அறுதி உரிமையாளராக லீசிங் கம்பெனி பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். விற்பவர் பெயர் புத்தகத்திலேயே இல்லாத ‘ஓப்பன் பேப்பர்’ வண்டி எனக்கு வேண்டவே வேண்டாம். 2020இல் இறக்குமதி நின்று பழைய பைக் விலை ஏறியபோது, அவசரத்தில் அப்படி வாங்கிப் பெயர் மாற்ற முடியாமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கிய பிறகு பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. நான் 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறேன். ஒயில் மட்டம் பார்க்கச் சமதரை வேண்டும். எங்கள் தோட்டத்தில் அதற்கு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. வட்டவளைப் பக்க மழையில் ஓடி வந்தால் செயினில் சேறு அப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்ததும் கியர் ஒயில் தடவுகிறேன். செயினின் தொய்வு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இருக்கட்டும். செயின் ஓடும் பற்சக்கரத்தின் பல் தேய்ந்து கொக்கிபோல வளைந்துவிட்டால் செயினை மட்டும் மாற்றாதீர்கள், பற்சக்கரங்களோடு செட்டாக மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு வாரம் 4 லீற்றர் மட்டும் கிடைத்த நாட்களில், எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இறங்கும் பழக்கம் பலருக்கு வந்தது. இன்னும் போகவில்லை. கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக் ஷூவுக்குத்தான் போகும். நீண்ட இறக்கத்தில் ஷூ சூடேறினால் பிடிக்காது. இரண்டாம் கியரில் இறங்குங்கள், தயவுசெய்து.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மருமகனோடு போகிறேன். நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று அதை விற்கிற அண்ணனிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.