மெலோஸ் குறிப்புகள்: நவம்பர், டிசம்பர்

நவம்பர் 9

திங்கட்கிழமைதான் தெரியும் என்றுவிட்டார்கள். அதுவரை மெலோஸ்: ஸ்டுட்கார்ட்டின் குவார்டெட், அதாவது இரண்டு வயலின், வியோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது), செல்லோ என்று நால்வர் குழு.

பழைய ரெக்கார்டு தேடுகிறவர்கள் கவனிக்க: லண்டனில் மெலோஸ் என்சாம்பிள் என்று வேறொரு குழு இருந்தது, காற்று வாத்தியங்களும் சேர்ந்தது. விற்பனைப் பட்டியல்களில் இரண்டும் கலந்துதான் கிடக்கும். ஸ்டுட்கார்ட் மெலோஸ் குவார்டெட் 1965-இல் தொடங்கியது. உறையைத் திருப்பினால் நான்கு பெயர்கள்: முதல் வயலின் வில்ஹெல்ம் மெல்ஹர், இரண்டாம் வயலின் கெர்ஹார்ட் ஃபோஸ், வியோலா ஹெர்மன் ஃபோஸ், செல்லோ பீட்டர் பூக். இரண்டாவது இடத்தில் இடா பீலர் என்று இருந்தால் அது 1993-க்குப் பிந்தியது.

நவம்பர் 10

செல்லோவின் சி தந்தி. நேற்று ராத்திரி முழுக்க இதே நினைப்பு.

ஒருவரிடமிருந்து ஏ ஸ்வரத்தை வாங்கிக்கொண்டு அவரவர் தந்திகளைப் பஞ்சமம் பஞ்சமமாகச் சுத்தமாகச் சேர்த்துவிட்டால் குவார்டெட்டின் சுருதி சரியாகிவிடும் என்று நினைத்தால் முதல் சி மேஜர் கார்டிலேயே (சி, ஈ, ஜி சேர்ந்து ஒலிப்பது) மாட்டிக்கொள்வோம். கணக்கு இதுதான். அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட் என்று வைத்தால் சுத்தமான ச-ப 702. செல்லோவின் சி-யில் தொடங்கி ஜி, டி, ஏ, கடைசியில் வயலினின் ஈ என்று நான்கு பஞ்சமம் ஏறினால் 2808. இரண்டு ஸ்தாயியைக் கழித்தால் 408. தம்புராவின் மந்தரத் தந்தியில் தானாக எழுகிற அந்தர காந்தாரமோ 386. வித்தியாசம் 22 சென்ட், காது கூசுகிற அளவு. நால்வரில் ஒருவர்மீதும் தப்பு இல்லை, ஆனால் சேர்ந்து வாசித்தால் அபஸ்வரம்.

அதனால் பஞ்சமத்தைக் குறுக்குகிறார்கள். ஒவ்வொன்றிலும் 2 சென்ட் குறைத்தால், அதாவது பியானோவின் கணக்குப்படி போனால், செல்லோவின் சி சுத்தக் கணக்கைவிட 6 சென்ட் மேலே வரும், காந்தாரம் 400-இல் நிற்கும். மீதி 14 விரல்களின் பொறுப்பு: வயலின்காரர் வெறும் ஈ தந்தியைத் தொடாமல், ஏ தந்தியில் நாலாம் விரலை ஒரு நூல் பின்னால் வைத்து எடுப்பார். ஒவ்வொரு பஞ்சமத்திலும் 5 சென்டுக்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைத்தால் காந்தாரம் தானாகச் சேர்ந்துவிடும். அப்போது வெறும் தந்தி இரண்டைச் சேர்த்து இழுக்கும் இடங்களில் அலை அடிக்கும். ஒவ்வொரு குழுவும் இந்த இரண்டுக்கும் நடுவில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருக்கும். அது எங்கே என்பதை எந்தத் தாளிலும் எழுதுவதில்லை. வருஷக்கணக்காக உட்கார்ந்து வருவது.

வரிசை முக்கியம். முதலில் வியோலாவின் சி-யும் செல்லோவின் சி-யும் ஸ்தாயி மாற்றி ஒட்ட வேண்டும். பிறகு அதன்மேல் வயலினின் ஈ. இந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டு ஏ-யோடு நிறுத்திக்கொள்ளும் குழுக்கள்தான் ‘இன்றைக்கு ஹால் சரியில்லை’ என்று சொல்கிறவை.

நவம்பர் 11

வியாழன் என்கிறார்கள் இப்போது.

நவம்பர் 12

இவர்களின் ஆரம்பத்தை யோசித்தால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, துணிச்சல்தான். மெல்ஹர் ஹாம்பர்க் சிம்பொனியில் கான்சர்ட்மாஸ்டர், அதாவது முதல் வயலின்களின் தலைவர். மற்ற மூவரும் ஸ்டுட்கார்ட் வட்டாரத்துச் சேம்பர் ஆர்கெஸ்ட்ராக்களிலிருந்து வந்தவர்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு நாலு பேர் ஒரே வேலையில் இறங்குவது. மறு வருஷம் 1966-இல் ஜெனீவாப் போட்டியில் பரிசு. அதன் பிறகு டாய்ச்ச கிராமபோன் என்ற ரெக்கார்டு நிறுவனம்.

அந்த நிறுவனத்துக்காக வாசித்த குவார்டெட்டுகள் (படைப்புக்கும் அதே பெயர்தான்): ஷூபர்ட் 15, பீத்தோவன் 16, மோட்சார்ட் ஹைடனுக்குச் சமர்ப்பித்த 6, செருபினி 6, மெண்டல்ஸோன் 6, ஷூமன் 3, பிராம்ஸ் 3. கூட்டினால் 55. இதற்கு மேல் பீத்தோவனின் பெரிய ஃபியூக் (ஒரே வடிவத்தைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பது) தனி, நார்சிஸோ யெப்பெஸுடன் பொக்கெரினியின் கிட்டார் குவின்டெட்டுகள் (ஐந்து வாத்தியத்துக்கானவை) தனி, ஃப்ரான்ஸ் பேயரை இரண்டாம் வியோலாவாக வைத்து வாசித்த மோட்சார்ட் குவின்டெட்டுகள் தனி. கச்சேரிக்கு இரண்டு மூன்று படைப்புகள்தான் ஏறும். 55 என்றால் கையில் எப்போதும் பாதி, அலமாரியில் பாதி. அலமாரியில் இருக்கிற பாதியை மறுபடி எடுக்கும்போதுதான் குழுவின் தரம் தெரியும். விரல் மறக்காது, ஆனால் எங்கே மூச்சு விட்டோம் என்பது மறந்துபோகும்.

இந்தப் பட்டியலில் செருபினியை யாரும் பேசுவதில்லை. எனக்கு அது மனத்தாங்கல்.

நவம்பர் 14

வியாழன். ஒன்றும் இல்லை.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. இன்வெர்ட்டரில் ரெக்கார்டு போட்டு சுருதியை அளக்காதீர்கள். ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள டர்ன்டேபிள், மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும், வோல்டேஜைப் பார்த்து அல்ல. 50 இருக்க வேண்டிய இடத்தில் 49.5 வந்தால் வேகம் 1 சதவீதம் குறையும், சுருதி 17 சென்ட் இறங்கும். ‘பழைய ஜெர்மன் குழுக்கள் தாழ்ந்த சுருதியில் வாசித்தன’ என்று எழுதுகிறவர்கள் முதலில் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஸ்ட்ரோப் வட்டத்தை வைத்துப் பார்க்கட்டும். ஒரு ஆறுதல்: வேகம் மாறினால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் நகரும், இடைவெளி மாறாது. சி-க்கும் ஈ-க்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது இன்வெர்ட்டரிலும் உண்மைதான்.

நவம்பர் 15

ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட், டி 956. 1977 ரெக்கார்டிங், செல்லோக்காரர் ரோஸ்ட்ரோபோவிச் சேர்ந்தது. பெரிய பெயர் உறையில் இருப்பதால் எல்லோரும் செல்லோவையே கேட்கிறார்கள். கேட்க வேண்டியது இரண்டாம் பகுதியில், நடுவில் இருக்கிற மூவரை.

ஷூபர்ட் அங்கே செய்திருப்பது இது. இரண்டாம் செல்லோ கீழே விரலால் மீட்டுகிறது. முதல் வயலின் மேலே துண்டு துண்டாக ஏதோ சொல்லிவிட்டு விலகுகிறது. நடுவே இரண்டாம் வயலின், வியோலா, முதல் செல்லோ மூன்றும் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்து நிற்கின்றன. பாட்டு இரண்டாம் வயலினின் கையில். குவார்டெட் உலகத்தில் இரண்டாம் வயலினுக்கு இப்படி ஒரு நாற்காலி அபூர்வம். அதில் ஒருவர் ஃபோஸ், பக்கத்து வியோலாவும் ஃபோஸ், அண்ணன் தம்பி.

சங்கடம் வில்லில். மொத்தம் 94 பார் (நம் ஆவர்த்தனம் போன்ற அளவு). 14 நிமிடத்தில் முடித்தால் ஒரு பாருக்கு 9 விநாடி. மெதுவான வில்லுக்குத் தந்தியில் பிடிப்பு வேண்டுமென்றால் குதிரையை நெருங்க வேண்டும். நெருங்கிய இடத்தில் கனம் குறைந்தால் ஓசை கிழியும், விசில் அடிக்கும். பயந்து விரல்பலகைப் பக்கம் ஒதுங்கினால் ஓசை புகையாகிவிடும், ஈ மேஜரின் காந்தாரம் யாரிடம் இருந்தாலும் தொங்கும். பி.பி. (மிக மெல்ல) என்று எழுதியிருப்பதைப் பார்த்து மூவரும் ஒதுங்கிவிடுவதுதான் வழக்கமான விபத்து. சரியான வழி: குதிரையிலிருந்து மூவரும் ஒரே தூரம், வில் மாற்றம் மூவருக்கும் ஒரே சமயம் அல்ல, விப்ராட்டோ (விரலை ஆட்டி எடுக்கும் அசைவு) கீழ்க்குரலில் தொடங்கி மேலே போக வேண்டும். மேலே இருப்பவர் முதலில் ஆட்டினால் கார்டின் அடி கரைந்துவிடும்.

இந்த ரெக்கார்டிங்கில் கெர்ஹார்டும் ஹெர்மனும் வில் திரும்புகிற இடத்தைக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டே இருக்கிறேன். சில இடத்தில் கிடைக்கிறது. பெரும்பாலும் கிடைக்கவில்லை.

எல்.பி.யில் கேட்கிறவர்களுக்கு: முதல் இரண்டு பகுதிகளும் ஒரே பக்கத்தில் இருந்தால் இந்த அடாஜியோ, அதாவது மெதுவான இரண்டாம் பகுதி, உள்வட்டப் பள்ளங்களில் விழும். அங்கே உச்ச ஸ்வரங்கள் அரைபடும். ஊசி தேய்ந்திருந்தால் பழி வயலின்மேல் விழும்.

நவம்பர் 19

ஷூபர்ட் இறந்த நாள். 1828. வயது 31. இந்தக் குவின்டெட் அச்சேறியது 1853-இல்.

நவம்பர் 21

மழை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

நவம்பர் 22

1993. கெர்ஹார்ட் ஃபோஸ் விலகுகிறார். 28 வருஷம். கொலோன் ஆர்கெஸ்ட்ராவில் கான்சர்ட்மாஸ்டராக இருந்த அமெரிக்கர் இடா பீலர் வருகிறார். இதை எல்லாக் கட்டுரையும் ஒரு வரியில் கடந்துவிடும்.

இரண்டாம் வயலின் மாறுவது என்றால் நடைமுறையில் என்ன? முதலில் தாள்கள். அந்த 55 படைப்புகளின் பிரதிகளிலும் பென்சில்: வில் மேலே, வில் கீழே, இந்த இடத்தில் வியோலாவைப் பார், இங்கே மூச்சு. பாதி அடையாளம் எழுதியவருக்கு மட்டும் புரிவது. புதியவர் அந்தத் தாளிலேயே வாசிப்பதா, சுத்தமான பிரதி வாங்கித் தானே எழுதிக்கொள்வதா? முதல் வழியில் நேரம் மிச்சம், ஆனால் வேறொருவரின் கையை அணிந்துகொண்டு வாசிக்க வேண்டும். இரண்டாவது வழியில் மற்ற மூவரும் தங்கள் பென்சிலையும் அழிக்க வேண்டிவரும்.

அப்புறம் சுருதி. பஞ்சமத்தை எவ்வளவு குறுக்குவது என்ற அந்த எழுதாத ஒப்பந்தம். வெளியிலிருந்து வருகிறவர் காது வேறு கணக்கில் பழகியிருக்கும், அதுவும் ஆர்கெஸ்ட்ராவில் முன்வரிசையில் இருந்தவர் என்றால் பிரகாசத்துக்காகக் காந்தாரத்தை ஏற்றி வாசித்தே பழக்கம். அங்கே அது நன்றாக இருக்கும். இங்கே நடுக்குரல் 10 சென்ட் ஏறினால் செல்லோவின் சி தாழ்ந்திருப்பதாகத் தோன்றும், திட்டு பூக்குக்கு விழும்.

சரிசெய்யும் முறை எல்லா ஆசிரியர்களும் சொல்வதுதான். முதல் வயலினையும் செல்லோவையும் நிறுத்திவிட்டு நடு இரண்டை மட்டும் வாசிக்க வைப்பது. பாதி வேகம். விப்ராட்டோ இல்லை. பிறகு கார்டை அடியிலிருந்து கட்டுவது: செல்லோவின் ஆதார ஸ்வரம், அதன்மேல் பஞ்சமம், காந்தாரம் கடைசியில். காந்தாரத்தை முதலில் வைத்துவிட்டால் மற்றவர்கள் அதற்கு வளைவார்கள், நாலு கார்டுக்குள் குழுவே ஏறியிருக்கும்.

எல்லோரும் பீலருக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசிப்பார்கள். எனக்கு ஹெர்மன்தான் நினைவில் வருகிறார். வியோலாவுக்குப் பக்கத்தில் கேட்கும் இரண்டாம் வயலினின் குரல்தான் திசை. 28 வருஷம் அது சகோதரனின் குரல். புதியவருக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு பங்கு. இவருக்கு, கற்றதை முதலில் அழிக்க வேண்டும். அழித்திருக்கிறார். இன்னும் 12 வருஷம் அந்தக் குழு ஓடியது.

நவம்பர் 23

நேற்று எழுதியதில் பாதி கோபம். குழுவின் மேல் இல்லை.

நவம்பர் 27

பீத்தோவனின் ஓபஸ் 131 குவார்டெட். ஏழு பகுதி, நடுவே நிறுத்தமில்லை, ஏறக்குறைய 40 நிமிடம். பிருடையைத் தொட இடமே கிடையாது. நரம்புத் தந்தியானால் விளக்குச் சூட்டில் நாலாவது பகுதிக்குள் நழுவும். உலோகச் சுற்று போட்ட செயற்கைத் தந்தி தாங்கும். நழுவிய தந்தியில் வெறும் ஸ்வரத்தைத் தவிர்த்து விரலை மாற்றிப் போட்டுச் சமாளிக்க வேண்டும், அதை மற்ற மூவரும் அந்த நொடியிலேயே புரிந்துகொள்ளவும் வேண்டும்.

தொடக்க ஃபியூகில் முதல் வயலின் நாலு ஸ்வரம் வாசித்து, நாலாவதான ஏ-யில் ஒரு திடீர் அழுத்தம். அடுத்து இரண்டாம் வயலின் அதே வடிவத்தை ஒரு பஞ்சமம் கீழே எடுத்து டி-யில் அழுத்த வேண்டும். எவ்வளவு? முதல்வர் கொடுத்த அளவு. இம்மி கூடினால் போட்டி, குறைந்தால் எதிரொலி. மெலோஸின் எண்பதுகளின் பீத்தோவனில் இந்த இரண்டாவது அழுத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முறைப்பு இல்லை.

நவம்பர் 28

‘இன்னும் ஒரு டெஸ்ட்.’

டிசம்பர் 1

குழுக்கள் முடிகிற விதம்.

அமடேயஸ்: 1947-இல் தொடங்கி 1987-இல் வியோலாக்காரர் பீட்டர் ஷிட்லாஃப் இறந்ததும் நின்றது. மாற்றுப் பேச்சே இல்லை. ஆல்பன் பெர்க்: 2005-இல் தாமஸ் ககுஷ்கா இறந்தார், அவருடைய மாணவி இசபெல் கரிசியஸ் வியோலாவை எடுத்துக்கொண்டார், 2008-இல் நிறுத்தினார்கள். கொலோனின் ஆரின் குவார்டெட்: 1981-இல் தொடங்கி 40 வருஷம் அதே நால்வர், நடுவில் ஹைடனின் 68 குவார்டெட்டையும் டாஸெட் நிறுவனத்துக்கு வாசித்து முடித்தார்கள். நாற்பது வருஷம் ஒருவர்கூட மாறாமல் இருப்பதைப் பாசம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது நேர நிர்வாகமாகவே படுகிறது: ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்று சொன்னால் அத்தனை மணிக்கு முடிப்பது, ரயிலில் வேறு வேறு பெட்டியில் உட்காருவதை யாரும் தப்பாக நினைக்காதது.

மெலோஸ்: 2005 மார்ச்சில் மெல்ஹர் இறந்தார். நாற்பதாவது வருஷம். மற்ற மூவரும் இருந்தார்கள், குழு முடிந்தது. இரண்டாம் வயலின் போனால் பெயர் தொடரலாம், முதல் வயலின் போனால் தொடரக் கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை. வில் யார் கையசைவில் கிளம்புகிறது என்பதுதான் விஷயம். மூச்சை இழுத்து வயலினின் தலையைத் தூக்கி ‘இப்போது’ என்று காட்டுகிறவர் ஒருவர். அதை மாற்றினால் 55-லும் முதல் நொடி மாறும்.

டிசம்பர் 3

செருபினி, இரண்டாவது குவார்டெட். டி மேஜரில் எழுதிய தன் சிம்பொனியை எடுத்து, மெதுவான பகுதியை மட்டும் புதிதாக எழுதிச் சேர்த்து, சி மேஜருக்கு இறக்கிக் குவார்டெட்டாக்கினார். ஒரு முழு ஸ்வரம் இறக்கியதில் வயலின்களுக்கு வெறும் டி தந்தியின் பலம் போயிற்று. செல்லோவுக்கும் வியோலாவுக்கும் வெறும் சி கிடைத்தது. அதாவது மறுபடி அதே 22 சென்ட். மெலோஸ் இதில் சி-யை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முடிவுக் கார்டுகளில் அளக்கலாம். ஈ எந்தத் தந்தியில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், வெறும் தந்தியானால் ஓசை வெள்ளையாக, ஆடாமல் நிற்கும்.

டிசம்பர் 4

நாளை ஆறரைக்கே கிளம்பணும். சாப்பிடாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். செருபினி 3 முதல் 6 வரை பாக்கி. டி மைனரில் இருக்கும் மூன்றாவதில் செல்லோ