கீமோவும் குடல் நுண்ணுயிர்களும்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4

மார்பகப் புற்றுநோய்க்காக அக்காவுக்கு இன்று கீமோதெரபி தொடங்கியது. செக்கச்சிவந்த டாக்ஸோரூபிசினைச் செவிலியர் பக்கத்திலேயே இருந்து மெதுவாகச் செலுத்தினார். பிறகு நிறமே இல்லாத சைக்ளோபாஸ்பமைடு சொட்டுச் சொட்டாக இறங்கியது. சிறுநீர் சிவந்து போனால் பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், மாலையில் அக்கா கலங்கவில்லை.

மார்ச் 7

அந்த நிறமற்ற மருந்தைப் பற்றி வாசித்தேன். அது சிறுகுடலின் உட்சுவரையும் தளர்த்துகிறது என்றும், அதன் வழியே சில நுண்ணுயிர்கள் நிணநீர்க் கணுக்களையும் மண்ணீரலையும் அடைந்து, கட்டியை எதிர்க்கும் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகின்றன என்றும் 2013இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தார்கள். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளிலும், ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளிலும் மருந்தின் பலன் குறைந்தது. 2016இல் வெளிவந்த தொடர் ஆய்வு, இதில் பங்கேற்கும் நுண்ணுயிர்களில் ஒன்றாக என்டரோகாக்கஸ் ஹிரேயை அடையாளம் காட்டியது. நாம் பொருட்படுத்தாத குடல்வாசிகள் சிகிச்சையில் கூட்டாளிகளாவது எனக்குப் பெரும் வியப்பாக இருக்கிறது.

மார்ச் 15

நள்ளிரவில் அக்காவுக்கு 101 டிகிரி காய்ச்சல். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கை 500க்கும் கீழே இறங்கியிருந்ததால், மருத்துவர் உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றச் சொன்னார். வாசித்ததெல்லாம் மனத்தில் ஓடினாலும், இந்த நிலையில் வேறு வழியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எலிக்கு உதவிய அதே தளர்ந்த குடற்சுவர், வெள்ளையணு வற்றிய உடலில் கிருமிகள் இரத்தத்தில் கலக்கும் வாசலாகிவிடும். சில மணி நேரத் தாமதமே உயிரைப் பறிக்கலாம்.

மார்ச் 18

காய்ச்சல் இறங்கிவிட்டது. ‘நல்ல பாக்டீரியாவைத் திரும்பக் கொடுக்க வேண்டாமா?’ என்று கேட்டு அத்தை புரோபயாடிக் மாத்திரைகளை வாங்கி வந்தார். வெள்ளையணு குறைந்திருக்கும்போது உயிருள்ள பாக்டீரியா, அரிதாகவேனும், இரத்தத்தில் தொற்றாக மாறக்கூடும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆரோக்கியமானவர்களிடம்கூட, ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அவர்களுடைய சொந்த நுண்ணுயிர்கள் திரும்புவது தாமதமானதை 2018இல் இஸ்ரேல் ஆய்வு ஒன்று காட்டியது. அத்தையின் அக்கறை புரிந்தாலும், மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 24

நாளை இரண்டாம் சுற்று. மார்பகப் புற்றுநோயாளிகளின் மல மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், நுண்ணுயிர்களுக்கும் சிகிச்சைப் பலனுக்கும் தொடர்பு தென்படுவதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் தொடர்பு மட்டுமே காரணமாகிவிடாது என்பதால் அதை வைத்து சிகிச்சையை மாற்ற முடியாது. ‘ஆன்டிபயாடிக் தேவைப்படாமலே பார்த்துக்கொள்ள முடியுமா?’ என்று மருத்துவரிடம் கேட்டேன். மருந்து ஏறிய மறுநாள், வெள்ளையணுக்களைப் பெருக்கும் ஊசி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.